சக்கரம் வைத்த வீட்டிலிருந்து எங்களை வெளியே கொண்டுவந்தார்

போன குளிர்காலத்தில் என் ஆறு வயது மகள் ரூத்துக்கு முதல்முறையாக இளைப்பு வந்தது. "மம்மி, ஐ கான்ட் ப்ரீத்" என்று அவள் என் கையைப் பிடித்தபோது எனக்கு உயிரே போய்விட்டது. நாங்கள் அப்போது தகனினி என்ற புறநகரில், ஒரு வீட்டின் பின்புறம் நிறுத்தியிருந்த, சக்கரம் வைத்த மொபைல் ஹோமில் வாடகைக்கு இருந்தோம். குளிர் தொடங்கியதும் சுவரெல்லாம் நீர் கோத்துப் பூஞ்சை பிடித்தது. நானும் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். "பிள்ளையை முதலில் அங்கிருந்து மாற்றுங்கள்" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

நியூ லின் என்ற இன்னொரு பகுதியில் ஈரமில்லாத வீடு ஒன்று கிடைத்தது. ஆனால் மொபைல் ஹோமுக்குப் போட்ட ஒரு வருஷ ஒப்பந்தத்தில் இன்னும் ஏழு மாதம் இருந்தது. உரிமையாளர் வேறு யாருமில்லை, நம்ம ஊர்க்காரர். நாங்கள் வந்து இறங்கிய அன்று விமான நிலையத்துக்கே சோறு கட்டிக்கொண்டு வந்த அண்ணாச்சி. அவருக்குப் போய், முன்னதாக விடச் சொல்லிக் கடிதம் எழுதுவதா? முகத்தில் அடித்தாற்போல் இருக்காதா? அதனால் மைசூர்பாகு செய்து எடுத்துக்கொண்டு போய் வாயால் கேட்டேன். ஒருமுறையல்ல, மூன்று முறை!

மூன்றாவது டப்பாவையும் வாங்கி வைத்துக்கொண்டு அண்ணாச்சி சொன்னார்: "ஒரு வருசம்னு கையெழுத்துப் போட்டிருக்கியளே, நடுவுல எப்படிம்மா விட முடியும்? இது சக்கரம் வச்ச வண்டி. வீட்டுச் சட்டமெல்லாம் இதுக்குச் செல்லாது."

வெள்ளிக்கிழமைதோறும் உபவாசமிருந்து அழுதேன். "ஆண்டவரே, அண்ணாச்சி மனசை மாத்தும்." இதே ஜெபம்தான். அவர் அசையவே இல்லை. எனக்குக் கோபம் வந்து ஆண்டவரிடமே சண்டை போட்டேன். அப்போது உள்ளத்தில் ஒரு கேள்வி தெளிவாக எழுந்தது: நீ காப்பாற்றப் பார்ப்பது பிள்ளையையா, உன் நல்ல பெயரையா? வெட்கத்தில் அப்படியே குனிந்துவிட்டேன். "சரி ஆண்டவரே, என்னை மாத்தும்" என்றேன். பயம் விட்டுப்போனது.

மறுநாள் நூலகத்தில் இலவசச் சட்ட ஆலோசனை சொல்லும் பெண்மணியைப் பார்த்தேன். சக்கரம் இருந்தாலும், குடியிருக்க வாடகைக்கு விட்டால் அது வீடுதான் என்றார். காலவரை போட்ட ஒப்பந்தத்தை நாமாக நோட்டீஸ் கொடுத்து முடிக்க முடியாதாம். உரிமையாளர் சம்மதித்தால் போகலாம்; மறுத்தால், எதிர்பாராமல் வந்த கடும் கஷ்டத்தைக் காட்டி, காலத்தைக் குறைக்கும்படி வாடகைத் தீர்ப்பாயத்தில் கேட்கலாம். "எழுத்தில் கேட்டீர்களா?" என்றார். மைசூர்பாகு கொடுத்தேன் என்று எப்படிச் சொல்வேன்!

டாக்டர் கடிதத்தையும் இணைத்து, அண்ணாச்சிக்கு எழுதிக் கொடுத்தேன். பதில் இல்லை. தீர்ப்பாயத்தில் மனுப் போட்டேன். விசாரணைக்கு முன் ஒரு சமரச அதிகாரி எங்கள் இருவரையும் போனில் சேர்த்துப் பேசினார். டாக்டர் கடிதத்தை அவர் முழுதாக வாசித்துக் காட்டினார். கேட்டு முடித்த அண்ணாச்சி தமிழில், "பிள்ளைக்கு இவ்வளவு முடியலன்னு நான் நெனக்கலம்மா. நீங்க போங்க" என்றார். இரண்டு வாரத்தில் காலி செய்யலாம் என்று எழுத்தில் முடிவாகி, நியூ லின் வீட்டுக்கு மாறினோம். முதலில் என்னை மாற்றி, பிறகு அவரையும் மாற்றினார் என் தேவன்.

நம்ம ஆளாச்சே என்று கூசிக்கொண்டு பிள்ளைகளை ஈரத்தில் படுக்கவைத்திருக்கும் யாராவது இங்கே இருக்கிறீர்களா? அவரை நம்பி ஜெபியுங்கள், எழுதியும் கேளுங்கள். கூட வர நான் இருக்கிறேன். இன்று சாட்சி சொல்ல நான் மேடை ஏறியபோது ரூத் எனக்கு முன்னால் ஓடி ஏறினாள். நீங்களே பாருங்கள், என் பிள்ளைக்கு மூச்சு இளைக்கவில்லை. ஸ்தோத்திரம்!