சிவநேசன் ஏற்றுக்கொண்ட அழைப்பு

மலேசியாவின் தெலுக் பங்லிமா காராங்கில் பிளாஸ்டிக் நாற்காலி செய்யும் எங்கள் தொழிற்சாலையில் கணினி, பிரிண்டர், கேமரா எல்லாவற்றுக்கும் சிவநேசன்தான் பொறுப்பு. என் மேசைக்குப் பக்கத்து மேசை. கிள்ளானில் அவர் வீட்டுக்கு நாலு வீடு தள்ளித்தான் என் வீடு என்பதால், தினமும் அவர் காரில் போய் வருகிறேன். அந்த உரிமையில் சொல்கிறேன்: இப்படியொரு வீம்பு பிடித்த மனிதரை நான் பார்த்ததில்லை.

எங்கள் ஸ்டோர் சூப்பர்வைசர் கார்த்திகேசு, சிவநேசனின் அக்கா புஷ்பவல்லியின் கணவர். இருவருக்கும் ஒரே கேன்டீன், ஒரே பார்க்கிங். பேச்சுவார்த்தை மட்டும் கிடையாது. கார்த்திகேசு காப்பாரில் புது வீடு கட்டிக் குடிபோனபோது மச்சானை வாட்சப்பில் அழைத்துவிட்டார். நேரில் வந்து வெற்றிலை பாக்கு வைக்கவில்லை. சிவநேசன் போகவில்லை.

"ஐ.டி.ல வேலை செய்றவனுக்கு மெசேஜ் அனுப்புனா கோவம் வருதாம் லா," என்று கார்த்திகேசு கேன்டீனில் சொன்னார். அது சிவநேசன் காதுக்கு வந்தது. அதோடு பேச்சே நின்றது. புஷ்பவல்லியும் சளைத்தவர் இல்லை. என் புது வீட்டுக்கு வராதவன் வீட்டு வாசலை, அவனாகக் கூப்பிடாமல் மிதிக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார்.

போன வருடம் கம்பெனிக்கென்று தனியாக ஒரு சாட் சர்வர் போட்டார்கள். அதில் ஒரு குழுவுக்கு யாரையாவது அழைத்தால், அவர் 'ஏற்றுக்கொள்' என்பதை அழுத்த வேண்டும். எங்கள் ஆட்கள் அழுத்தவே மாட்டார்கள். கூப்பிட்டேன், வரவில்லை என்று தினமும் சிவநேசனிடம் புகார். வெறுத்துப்போய் அவர் ஒரு பிளக்-இன்னைப் போட்டார். அதன்பிறகு, யார் யாரை அழைத்தாலும் அழைக்கப்பட்டவர் பெயரில் சர்வரே அழைப்பை ஏற்றுக்கொண்டது.

"கூப்பிட்டா வந்திரணும். இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார் என்னிடம். நான் அவர் முகத்தையே பார்த்தேன். அவருக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

இந்த வருடம் கார்த்திகேசுவின் மகள் மலர்விழிக்குக் கல்யாணம் நிச்சயமானது. தொழிற்சாலை முழுவதையும் அழைப்பதற்காக அவர் சர்வரில் ஒரு குழு தொடங்கி, 'அனைவரையும்' என்று அழுத்திவிட்டார். அடுத்த நொடி எல்லார் கைப்பேசியிலும் வரிசையாகப் பெயர்கள் வந்தன; நடுவில் இதுவும்: 'சிவநேசன் அழைப்பை ஏற்றுக்கொண்டார்.'

கேன்டீனில் சோறு ஆறியது. யாரும் சாப்பிடவில்லை.

அன்று காரில் நான்தான் பேச்செடுத்தேன். "குழுவிலேர்ந்து வெளியாகிட வேண்டியதுதானே, அண்ணே?"

"வெளியானா அதையும் எல்லாருக்கும் காட்டும், வாணி."

"அப்ப போங்க."

"என்னை யாரு கூப்பிட்டா? சர்வர் கூப்பிட்டுச்சு, சர்வர் ஒத்துக்கிச்சு. நடுவுல நான் எங்க இருக்கேன்?" சிக்னல் பச்சையாகியும் அவர் வண்டியை எடுக்கவில்லை. "மலர நான் தூக்கி வளர்த்தேன். மணவறைக்குத் தாய்மாமன்தான் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வரணும். அந்த இடத்துல வேற எவனாவது நிப்பான்."

பின்னாலிருந்த லோரிக்காரன் ஹார்ன் அடித்தான். எனக்கு அவர்மேல் பாவமாகவும் இருந்தது, நாலு வார்த்தை திட்டலாம் போலவும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை என் லேப்டாப்பைச் சரிபார்க்கக் கொண்டுபோய் அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். வாசலில் ஒரு கார் நின்றது. தாம்பாளத்தோடு கார்த்திகேசு உள்ளே வந்தார். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், மேலே கல்யாணப் பத்திரிகை.

"சர்வர்ல நீ ஒத்துக்கிட்டது செல்லாது, சிவா," என்றார் நின்றுகொண்டே. "அது தானா ஒத்துக்குதுன்னு எனக்குத் தெரியும் லா. என்னையுந்தான் கேக்காமலே பேட்மின்டன் குழுவுல சேர்த்துச்சு. உங்க அக்காகிட்ட மட்டும் நான் சொல்லல. நீயாத்தான் அழுத்துனேன்னு நம்பிக்கிட்டு, என் தம்பிதான் பொண்ணக் கூட்டிட்டு வருவான்னு காப்பார் பூரா சொல்லி வச்சிருக்கு. அன்னிக்கு நேர்ல வராதது என் தப்பு. இப்ப வந்திருக்கேன். வருவியா மாட்டியா, உன் வாயால சொல்லு."

சிவநேசன் தாம்பாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்காகச் சொல்ல அங்கே எந்தப் பிளக்-இன்னும் இல்லை.

"வரேன் மச்சான்," என்றார் கடைசியில். இரண்டு கையாலும் தாம்பாளத்தை வாங்கி மேசையில் வைத்தார். "அக்கா வரலையா?"

"கார்ல இருக்கு. நீ கூப்பிடாம உள்ள வராதாம்."

சிவநேசன் செருப்புக்கூடப் போடாமல் ஓடினார். நானும் வாசல்வரை போனேன். கார்க் கண்ணாடி முழுக்க ஏற்றியிருந்தது. அவர் பேசுவது உள்ளே கேட்டிருக்க வழியில்லை.

"அக்கா, உள்ள..." என்று ஆரம்பித்தார்.

அவர் 'வா' என்பதற்குள் கார்க் கதவு திறந்துவிட்டது.