ஈ உட்காராத பழம்

லேபிள் மெஷினிலிருந்து வந்த முதல் தாளைக் கிழித்து, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, ஒவ்வோர் எழுத்தின் அடியிலும் நகத்தை வைத்து அக்கா வாய்விட்டுப் படிக்கிறார். "பி, ஓ, டி, ஏ, டி, ஓ... ஈ இருக்கு. எஸ் இருக்கு. ம், ஓடட்டும்." அதன் பிறகுதான் பச்சைப் பொத்தானை அழுத்துவார். இதே உருளைக்கிழங்கு லேபிளை நேற்றும் அடித்தார், முந்தாநாளும் அடித்தார். இருந்தாலும் முதல் தாளைப் படிக்காமல் ஒரு பெட்டியும் நகராது. லோடு ஏற்ற வந்த லாரி கம்பெனி குமாஸ்தா நான், வாசலில் கால் மாற்றி நிற்பதைப் பார்த்தால் சொல்வார்: "கொஞ்சம் பொறுங்க தம்பி. நேத்து சரியா இருந்துச்சுன்னா இன்னைக்கும் சரியா இருக்கணும்னு ஏதாவது சட்டமா?"

காய்களையும் பழங்களையும் தரம் பிரித்து, பெட்டி கட்டி, கப்பலுக்கு அனுப்பும் ஷெட் அது. அங்கே எல்லோருக்கும் அவர் 'ஈ அக்கா'. ஒருமுறை சுகாதார அதிகாரி சோதனைக்கு வந்திருந்த நேரத்தில், "அந்த அடுக்குல முப்பது பெட்டிக்கு ஈ இல்ல, உடனே ஈ போடுங்க!" என்று அக்கா கத்த, அதிகாரி பேனாவைத் திறந்துகொண்டே ஓடி வந்தாராம். அது ஆங்கில எழுத்து என்று புரியவைப்பதற்குள் மேனேஜரின் சட்டை நனைந்துவிட்டது.

எட்டாவதோடு படிப்பு நின்றவர். ஒன்பது வருடம் பெல்ட் ஓரமாக நின்று, ஓடிவரும் தக்காளியில் அடிபட்டதைப் பொறுக்கி எறிந்துகொண்டிருந்தார். ஒருநாள் பழைய லேபிள் சுருளும் புதிய சுருளும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. பழையதில் ஒரு எழுத்து கூடுதல். "சார், இதுல எது தப்பு?" என்று அவர் கேட்ட கேள்வியால் நாலாயிரம் பெட்டி தப்பித்தது. மறுவாரமே மேனேஜர் அவரை மெஷினில் உட்காரவைத்தார்.

எந்த வாத்தியாரும் சொல்லித்தராத ஓர் இலக்கணத்தை அக்கா தானாகவே கட்டிக்கொண்டார். "ஓ-ல முடியுற வார்த்தைய பலதா சொல்லணும்னா எஸ் போடணும். அதுக்கு முன்னாடி ஈ வருமா வராதா? ஈ எங்க உட்காரும், யோசிங்க! திங்கிற பொருள் மேலதானே? தக்காளி, உருளைக்கிழங்கு, மாம்பழம், எல்லாத்துக்கும் ஈ உண்டு. போட்டோ, ரேடியோ, பியானோ, கிலோ... திங்க முடியுமா? அப்ப ஈ கிடையாது." இந்தக் கணக்கு ஹீரோவிடம் மட்டும் உதைத்தது. ஹீரோவுக்கும் ஈ உண்டாமே? தையல்காரரான கணவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே தீர்த்துவைத்தார்: "அவனைத்தான் ஆளாளுக்குக் கண்ணாலயே திங்கிறீங்களே, அப்புறம் என்ன?"

போன மாதம் அந்த ஷெட்டுக்கு முதல்முறையாக அவகாடோ வந்தது. லேபிள் வாசகத்தைப் போனில் சொன்னார்கள், எழுத்துக்கூட்டிச் சொல்லவில்லை. அக்கா பழத்தைக் கையில் எடுத்து, முகர்ந்து, ஒன்றை வெட்டி வாயிலும் போட்டுப் பார்த்தார். திங்கிற பொருள்தான். ஈயைப் போட்டார். அறுநூறு பெட்டியில் ஒட்டியாயிற்று. நான் லாரியைப் பின்னால் எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தபோது, போனில் அனுப்பிய பெட்டியின் படத்தைப் பார்த்துவிட்டு வாங்குபவரின் ஆள் கூப்பிட்டார். இந்தப் பழத்துக்கு ஈ வேண்டாமாம், லேபிளை மாற்றினால்தான் சரக்கை எடுப்பாராம்.

மேனேஜர் திட்டவில்லை. "நீங்க பார்த்திருப்பீங்கன்னு நான் பார்க்கல" என்று மட்டும் சொன்னார். அதற்குத் திட்டியிருக்கலாம். அக்காவின் முகம் சுண்டிப்போயிற்று. "யாரும் தொடாதீங்க. ஒட்டினது நான், பிய்க்கிறதும் நானே" என்று ஈரத்துணியோடு தரையில் உட்கார்ந்தார். பெல்ட்டில் நின்ற பெண்கள் அந்தப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாமல் ஆளுக்கொரு துணியோடு வந்து உட்கார்ந்தார்கள். பிய்க்கும்போது ஒருத்தி மெதுவாகக் கேட்டாள்: "ஏங்க்கா, இதுவும் திங்கிறதுதானே? ஏன் ஈ உட்காரல?"

"தெரியலடி" என்றார் அக்கா. அவர் அந்தச் சொல்லைச் சொல்லி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

லாரி இரண்டரை மணி நேரம் தாமதமாகப் புறப்பட்டது. மறுநாள் காலையில் நான் போனபோது அக்கா கையுறை மாட்டிக்கொண்டு பழைய இடத்தில், பெல்ட் ஓரமாக நின்று தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தார். மெஷின் மூடிக் கிடந்தது.

"அங்க என்ன பண்றீங்க?" என்றார் மேனேஜர்.

"எனக்கு இதுதான் சார் சரி. ஈயை நம்பி மெஷின்ல உட்கார்ந்தது தப்பு."

"ஆறு வருஷத்துல ஒரு தப்பு. நான் வாரத்துக்கு ஆறு பண்றேன். என்னை யாரு பெல்ட்டுக்கு அனுப்புறா? வாங்க, தக்காளிப் பெட்டி லேபிளுக்குக் காத்திருக்கு."

அக்கா கையுறையைக் கழற்றவில்லை. சற்று யோசித்துவிட்டு, ஆபீஸ் அறையைக் காட்டினார். "அப்ப அந்தப் பிரிண்டர் ஆடாம இருக்க அடியில குடுத்திருக்கீங்களே, தடிமனா ஒரு புக்கு, அது டிக்‌ஷனரிதானே? அதைக் குடுங்க, வர்றேன்."

அன்றிலிருந்து பிரிண்டர் ஆடுகிறது. டிக்‌ஷனரி மெஷின் பக்கத்தில் இருக்கிறது. சாப்பாட்டு வேளையில் ஒரு கையில் டப்பா, மறு கையில் பக்கம். அப்படிப் புரட்டும்போதுதான் மாம்பழத்தில் வந்து நின்றார். ஈ போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி என்று அச்சிட்டிருந்தது. டப்பாவை மூடி வைத்துவிட்டார்.

எதிர் ஷெட்டிலும் ஒரு லேபிள்காரர் உண்டு. அவர் மாம்பழத்துக்கு ஈ போடமாட்டார். நாலு வருடத்துக்கு முன்னால் டீக்கடையில், பத்துப் பேர் பார்க்க, "முதல்ல எழுத்துக் கத்துக்கிட்டு வாங்க" என்று அக்கா சொல்லிவிட்டார். அன்றோடு பேச்சு இல்லை.

டிக்‌ஷனரியின் அந்தப் பக்கத்தில் விரலை வைத்தபடியே அக்கா சாலையைக் கடந்தார். ஏதோ சண்டை என்று நினைத்து நானும் பின்னால் போனேன். லேபிள்காரரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், எழுந்து நின்றுவிட்டார்.

"அண்ணே, இதைப் படிங்க. நீங்களும் சரியாம். அன்னைக்கு நான் பேசினது தப்பு."

அவர் கண்ணாடியை மேலே தள்ளி இரண்டு முறை படித்தார். "அட, அப்ப உங்க ஈயும் சரியா?" என்று வியந்தார். பிறகு, கூச்சத்தோடு, "இன்னும் எதுக்கெல்லாம்மா இப்படி ரெண்டும் சரின்னு போட்டிருக்கு?"

அக்கா சுற்றும் முற்றும் பார்த்தார். காலிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, அதன் ஓரமாக உட்கார்ந்து, மீதி இடத்தை முந்தானையால் துடைத்துவிட்டு, டிக்‌ஷனரியை முதல் பக்கத்துக்குத் திருப்பினார்.