செயலாளர் அன்ரியின் மகனுக்கு எத்தனை மார்க்

போன கிழமை நார்த்மீட் என்ற புறநகர்ப் பக்கம் ஒரு நீச்சல் குளத்துக்குப் போயிருந்தேன். நீந்துவதற்கு அல்ல, எனக்கு நீந்தவே தெரியாது. குளத்துத் தண்ணீரைச் சின்னப் போத்தலில் அள்ளி, குளோரின் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து, படிவத்தில் எழுதிவிட்டு வருவதுதான் என் வேலை. கேட்பதற்குப் பெரிய விஞ்ஞானி மாதிரி இருக்கும். பாதி நாள் காரில்தான் போகிறது. அன்றைக்கு உடுப்பு மாற்றும் அறையை ஒரு பெண் கழுவிக்கொண்டிருந்தார். குளத்துக் குளோரின் மணம் என் மூக்குக்குப் பழகிவிட்டது. ஆனால் வாளித் தண்ணீரில் ஊற்றிய பிளீச் வேறு. அது என் அம்மாவின் கை மணம். அம்மா அலுவலகக் கட்டடங்களைக் கழுவித்தான் எங்களை வளர்த்தார். அந்த மணம் வந்தால் மற்றவர்களுக்குக் கண் கலங்குமோ என்னவோ, எனக்குக் கோபம்தான் வரும். நேரே செயலாளர் அன்ரியின் முகம் வந்து நிற்கும்.

அவர் எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் செயலாளர், பிள்ளைகள் எங்கள் எல்லோருக்கும் அன்ரி. எங்களுக்கு இருபது வருடம் முந்தி இந்த நாட்டில் விமானத்தில் வந்து இறங்கியவர். நாங்கள் அகதிகளாகப் படகில் வந்தவர்கள். அந்த வித்தியாசத்தை அவரும் மறந்ததில்லை, எங்களையும் மறக்க விட்டதில்லை. அவருடைய மகன் பிரணவன் தமிழ்ப் பள்ளியில் என் வகுப்பு. எங்களுக்குப் பதினாறு வயதாக இருந்தபோது, நானும் அவனும் அவரவர் பள்ளிக்கூடத்தில் தேசிய இரசாயனப் போட்டிக்குப் பெயர் கொடுத்தோம்.

அந்தக் காலத்தில் எங்கள் சனங்களிடம் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. போட்டி எழுதி முடித்த பிள்ளையின் வீட்டில் இருந்து பழைய வினாத்தாள் பெட்டி அடுத்த பிள்ளையின் வீட்டுக்குப் போகும். பெட்டி யாரிடம் இருக்கிறது என்று எல்லா அம்மாமாருக்கும் தெரியும். அந்த வருடம் அது செயலாளர் அன்ரி வீட்டில் இருந்தது. அம்மா ஒரு டப்பா நிறைய உழுந்து வடை சுட்டுக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

"அக்கா, அந்தப் பேப்பர் பெட்டியை ஒரு கிழமைக்குத் தருவீங்களே? பிள்ளை பாத்துப்போட்டுத் தந்திடுவாள்."

"அது ஆருக்கோ குடுத்தாச்சே," என்றார் அன்ரி. பெட்டி சாப்பாட்டு மேசைக்குக் கீழே இருந்தது. 'கெமிஸ்ட்ரி' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. நான் பார்ப்பதை அவரும் பார்த்தார். ஆனாலும் ஒரு சின்னக் கூச்சம் இல்லை. "பிழையா நினையாதேங்கோ. உங்கட விசாவில பிள்ளை யூனிவர்சிட்டிக்குப் போறதே பெரிய பாடு. பிறகேன் இந்தப் போட்டியெல்லாம்? வீண் ஆசைதானே."

"ஓம் அக்கா, அதுவும் சரிதான்," என்றார் அம்மா.

எங்களுடையது தற்காலிக விசா, அதில் பல்கலைக்கழகத்துக்கு முழுக் கட்டணம் கட்டவேண்டும்; அவர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. அதனால்தான் கூடுதலாகச் சுட்டது. அதைவிடக் கொடுமை, வடை டப்பாவை மட்டும் அவர் வாங்கி வைத்துக்கொண்டார். இன்றுவரை எனக்கு அந்த வடை ஆறவில்லை.

ஆகவே, நான் இரசாயனத்தின் மேல் காதல் கொண்டு படித்தேன் என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் நம்பாதீர்கள். பழிவாங்கத்தான் படித்தேன். தமிழ்ப் பள்ளிப் பரிசளிப்பு விழாவில் வெளிப் போட்டிகளில் எழுதிய பிள்ளைகளின் பெயரையும் மார்க்கையும் ஒலிவாங்கியில் வாசிப்பார்கள். பிள்ளை எழுந்து நிற்கவேண்டும், சனம் கைதட்டும். அங்கே என் பெயருக்குப் பிறகுதான் பிரணவனின் பெயர் வரவேண்டும். மேடையில் இருக்கும் அன்ரியின் காதில் அது விழவேண்டும். கீழே அம்மா தலை நிமிர்ந்து இருக்கவேண்டும். இவ்வளவுதான் என் இலட்சியம். எழுந்து நிற்கும்போது காட்டவேண்டிய அடக்கமான முகத்தைக் குளியலறைக் கண்ணாடியில் பழகினேன். பாடத்தைவிட அந்த முகத்துக்குச் செலவழித்த நேரம் அதிகம் என்று நினைக்கிறேன்.

பெட்டி இல்லாததால் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அம்மா வேலையில் முடிந்த போத்தல்களைக் கழுவிக் கொண்டுவருவார். நான் லேபிளைப் பார்த்து உள்ளே இருப்பவற்றின் சூத்திரங்களை எழுதுவேன். ஒருநாள் அம்மா அவசரத்தில் கழிவறை கழுவும் அசிட்டையும் பிளீச்சையும் ஒரே இடத்தில் ஊற்றிவிட்டு, இருமி இருமி வீட்டுக்கு வந்தார். குசினிக் கதிரையில் இருந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவருக்கு முன்னால் நான் அந்த இரசாயனத் தாக்கத்தின் சமன்பாட்டை எழுதி, குளோரின் வாயு எங்கே இருந்து வந்தது என்று விளக்கினேன். முதுகைத் தடவிவிடத் தோன்றவில்லை. பழி பிடித்த ஆள் அப்படித்தான் இருப்பாள்.

பெட்டி கேட்கப் போய் மூன்றாம் கிழமை, தமிழ்ப் பள்ளி இடைவேளையில் பிரணவன் என் தமிழ்ப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினான். புத்தகம் திரும்பி வந்தபோது உள்ளே நான்கு தாள்கள் மடித்து இருந்தன. பெட்டியில் இருந்த வினாத்தாள்.

"டோன்ட் டெல் அம்மா, ஓகே? அடுத்த சனிக்கிழமை மிச்சம் கொண்டுவாறன்."

ஏன் தருகிறாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நன்றி சொல்லவேண்டி வரும். சனிக்குச் சனி தாள்கள் வந்தன. அவன் பென்சிலால் செய்த கணக்குகளும் அதிலேயே இருந்தன. நாலைந்து தாள் பார்த்ததும் எனக்கு ஒன்று பிடிபட்டது. இரண்டு பொருள்கள் சேரும் கணக்கில், எது முதலில் தீர்ந்துபோகிறது என்று அவன் பார்ப்பதே இல்லை. எழுதியிருக்கும் முதல் பொருளை வைத்தே கணக்கை முடித்துவிடுவான். ஒவ்வொரு தாளிலும் அதே பிழை. ஒரு வரி சொல்லியிருந்தால் திருத்தியிருப்பான். நான் சொல்லவில்லை. அவனுடைய பிழைகளை எண்ணி, உள்ளே சந்தோஷப்பட்டேன்.

போட்டியில் அந்த வகைக் கணக்குகள் நிறையவே வந்தன. எனக்குத் தொண்ணூற்றிரண்டு. அவனுடைய மார்க்கை அவனிடமே கேட்டேன். "ஃபிஃப்டி எய்ட். அம்மாக்கு இன்னும் சொல்லேல்ல," என்றான். அவன் சொல்லாவிட்டாலும் அன்ரி எப்படியோ அறிந்துகொண்டார் போல. பரிசளிப்பு விழாவில், நேரம் போதாது என்று, இந்த வருடம் வெளிப் போட்டி மார்க் வாசிப்பதில்லை என அவரே அறிவித்தார். நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். நல்ல சேலை கட்டி வந்திருந்தார்.

அடுத்தது என் பேச்சு. தமிழின் இனிமை பற்றி மூன்று நிமிடம். ஒலிவாங்கியைப் பார்த்துக்கொள்வது அன்றைக்குப் பிரணவனின் பொறுப்பு. நான் மேடைக்கு ஏறியதும் அவன் அதை என் உயரத்துக்கு இறக்கிவிட்டு ஓரமாகப் போய் நின்றான். நான் வணக்கம் சொன்னேன். பிறகு சொன்னேன்: "தேசிய இரசாயனப் போட்டியில எனக்குத் தொண்ணூற்றிரண்டு. செயலாளர் அன்ரியின்ர மகன் பிரணவனுக்கு ஐம்பத்தெட்டு. பேப்பர் பெட்டி அவையின்ர வீட்டிலதான் இருந்தது."

ஒருவரும் கைதட்டவில்லை. அன்ரியின் முகம் போன போக்கைப் பார்த்தேன். பொய் சொல்லக்கூடாது, தேன் குடித்த மாதிரி இருந்தது. இப்போதும் அந்த முகத்தை நினைத்தால் எனக்கு நித்திரை நன்றாக வரும். அவரை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கும் எண்ணமும் இல்லை. ஆனால் பிரணவனின் கை ஒலிவாங்கியின் சுவிட்சில் இருந்தது. அவன் நினைத்திருந்தால் இரண்டாவது வசனத்திலேயே என்னை நிறுத்தியிருக்கலாம். அவன் கடைசிவரை நிறுத்தவில்லை.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அம்மா யன்னல் பக்கம் இருந்தார். பாதி வழியில் கேட்டார்: "உனக்குப் பேப்பர் தந்தது அந்தப் பெடியன்தானே?"

"ஓம்."

"மார்க்கையும் அவன்தானே உனக்குச் சொன்னவன்?"

"ஓம்."

இறங்கும் இடம் வந்ததும் அம்மா பெல்லை அடித்தார்.

அடுத்த சனிக்கிழமையில் இருந்து பிரணவன் தமிழ்ப் பள்ளிக்கு வரவில்லை. எங்கே படித்தான், என்ன செய்கிறான் என்று எனக்குத் தெரியாது. விசாரிக்கும் முகமும் எனக்கு இல்லை. மண்டபத்தில் மார்க் வாசிக்கும் வழக்கத்தை அதற்குப் பிறகு எடுத்துவிட்டார்கள். பழைய வினாத்தாள் எல்லாம் இப்போது கணினியில் கிடைக்கிறது, பெட்டி வாங்க யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை. எனக்கு எப்படியோ ஒரு ஸ்கொலர்ஷிப் கிடைத்து, அந்த விசாவிலேயே இரசாயனம் படித்துப் பட்டமும் வாங்கினேன். பல்கலைக்கழகத்தில் எழுதிய ஒவ்வொரு சோதனைக்கும் "பாஸோ?" என்று அம்மா கேட்பார். எத்தனை மார்க் என்று அந்த பஸ் பயணத்துக்குப் பிறகு ஒருநாளும் கேட்டதில்லை.