தம் போட்ட வான்கோழி

பெருநாள் மதியம். இந்த நேரத்துக்கு நான் பெரம்பலூர் பஸ்ஸில் இருந்திருக்க வேண்டும். ஆனால் லப்பைக்குடிகாட்டில், நண்பன் யூசுப் வீட்டுக் கொல்லையில், பசியோடு ஓர் அண்டாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே முழு வான்கோழி. அதன் வயிற்றில் நெய்ச்சோறும் அவித்த முட்டையும். மூடியைச் சுற்றி மாவு பூசித் தம் போட்டிருக்கிறார் யூசுப்பின் அம்மா. குவைத்தில் ஓட்டல் சமையல்காரராக இருக்கும் மூத்த மகன் அன்வர் சொல்லிக்கொடுத்த பக்குவம். "நடுவுல தொறந்துடாதீங்கம்மா, கறி வறண்டுடும்" என்று காலையில் அவர் போனில் சொன்னதை நானும் கேட்டேன்.

அதே அன்வர்தான் இப்போது மூன்றாவது முறையாக வீடியோ காலில் வருகிறார். "ம்மா, லேசா தொறந்து காட்டுங்களேன்."

அம்மா மாவைப் பெயர்த்து மூடியைத் தூக்குகிறார். ஆவி குப்பென்று கிளம்பிப் போனை மறைக்கிறது.

"ஒண்ணும் தெரியலம்மா. இன்னும் கிட்ட காட்டுங்க."

எனக்குப் பொறுக்கவில்லை. "தொறக்கக் கூடாதுன்னு அவர்தானேம்மா சொன்னாரு?"

"சொன்னான்தான்," என்கிறார் அம்மா, மறுபடி மாவு பிசைந்துகொண்டே. "அவன் பெருநாளுக்கு வூட்டுக்கு வந்து எத்தனையோ வருசம் ஆச்சு தம்பி. பாத்துட்டுப் போறான்."

அடுத்த பஸ்ஸும் போன பிறகு சாப்பிட உட்கார்கிறோம். கறி சக்கையாக வறண்டு கிடக்கிறது. போன் மறுபடி அடிக்கிறது.

"எப்படிம்மா இருக்கு?"

"வெண்ணெயா கரையுதுப்பா" என்று சொல்லிவிட்டு, அம்மா போனை என் பக்கம் திருப்புகிறார். கறி தொண்டையில் அடைத்து நிற்கிறது. தலையை மட்டும் பலமாக ஆட்டுகிறேன்.