வரப்பில் ஏறாத சிலிண்டர்

இலவச கேஸ் அடுப்புப் பட்டியலில் தன் பெயர் வந்துவிட்ட செய்தி லோகநாயகிக்கு எட்டியபோது, அவள் முழங்கால் அளவு தண்ணீரில் நின்று காணாமல் போன வாத்து ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"ஏ லோகு! ஒம் பேரு வந்துட்டுதுடி!" என்று வரப்பிலிருந்து கத்தினாள் பக்கத்து வீட்டுச் செல்லாயி. "அடுத்த வாரம் பள்ளிக்கூடத்துல வச்சிக் குடுக்கறாங்களாம். அடுப்பு, சிலிண்டரு, டியூபு எல்லாம்!"

"மெதுவா சொல்லுடி. நீ கத்துற கத்துல இருக்கற வாத்தும் ஓடிடும்."

அது 2008ஆம் வருஷம், புரட்டாசி மாதம். கீரப்பாளையத்துக்கு மேற்கே அறுவடை முடிந்த குறுவை வயல்களில் அவர்களுடைய எழுநூறு வாத்துகள் மேய்ந்துகொண்டிருந்தன. லோகநாயகிக்கும் அவள் கணவன் சாமிக்கண்ணுவுக்கும் வாத்து மேய்ப்பதுதான் பிழைப்பு. சிந்திய நெல்லும் நத்தையும் கிடைக்கிற இடமெல்லாம் அவர்கள் ஊர். இந்த வயல்வெளியில் பத்து நாள், அடுத்த வாய்க்கால் கரையில் இரண்டு வாரம் என்று வருஷத்தில் ஒன்பது மாதம் வெளியிலேயே கழிந்துவிடும். வலையைக் கட்டி வாத்துகளை அடைத்துவிட்டுப் பக்கத்தில் ஒரு தார்ப்பாயை இழுத்துக் கட்டினால் வீடு ரெடி. முட்டைத் தட்டு, பாத்திரம், துணிமணி எல்லாம் சாமிக்கண்ணுவின் பழைய டிவிஎஸ் மொபெட்டில் வந்து சேரும்.

அந்த வீட்டில் ஒரே தொல்லை அடுப்புதான். மூன்று கல் வைத்துச் சுள்ளி எரித்தால், மழை நாளில் புகை மட்டும் வரும், சோறு வராது. மண்ணெண்ணெயில் எரியும் திரி ஸ்டவ் ஒன்று இருந்தது. வெட்டவெளிக் காற்றில் அதன் தீ படுத்துப் படுத்து எழுந்திருக்கும். பாத்திரத்தின் அடி கரியாகிவிடும், அரிசி மட்டும் அரிசியாகவே இருக்கும். ஒரு தடவை இரண்டு மணி நேரம் எரித்தும் வேகாத குழம்பைச் சாமிக்கண்ணு ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "கத்திரிக்கா இன்னும் செடியிலதான் இருக்குது போல," என்றான். அதிலிருந்து மூன்று நாள் அவனுக்கு வெறும் கஞ்சிதான்.

மகள் அனுப்பிரியா சிதம்பரத்தில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை விடுதியிலிருந்து வந்தவள் விஷயத்தைக் கேட்டதும் துள்ளிக் குதித்தாள்.

"வாங்கிடும்மா. ஊரே வாங்கிடுச்சி. நீ மட்டும் இன்னும் கண்ணு எரிய ஊதிக்கிட்டு இருக்கற."

"கேஸு வாங்கினா ரேஷன் கார்டுல முத்திரை குத்திடுவாங்கடி. அப்புறம் கிருஷ்ணாயிலு கொறைஞ்சிடும்."

"கேஸு இருந்தா கிருஷ்ணாயிலு எதுக்கும்மா?"

பார்க்காமல் எதற்கும் தலையாட்டுகிற வழக்கம் லோகநாயகியிடம் இல்லை. முட்டையைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் தட்டில் வைப்பாள். "சிலிண்டர ஒரு தடவ தூக்கிக்கிட்டுப் போய்ப் பாத்துட்டுச் சொல்றேன்," என்றாள்.

செல்லாயி வீட்டில் சிலிண்டர் தீர்ந்து, மாற்று வருவதற்காகக் காலியாக நின்றது. மறுநாள் காலை லோகநாயகி அதைக் கடன் வாங்கி வந்தாள். மொபெட்டின் முன்பக்கம், கால் வைக்கிற இடத்தில் அதை நிற்க வைத்துக் கயிற்றால் கட்டினார்கள். பின்னால் முட்டைத் தட்டுகள் கட்டுகிற இடத்தில் பாத்திர மூட்டை. சாமிக்கண்ணு இரண்டு காலையும் அகலமாக விரித்து உட்கார்ந்தான்.

"காலியே இம்மாம் கனம் கனக்குது, ரொம்பி இருந்தா?" என்றான்.

"பேசாம ஓட்டு மாமா. வரப்ப பாத்து ஓட்டு."

தார் ரோட்டில் நன்றாகத்தான் போனான். வரப்பில் ஏறியதும் முன்சக்கரம் இடப்பக்கம் போகிறேன் என்றது, அவன் வலப்பக்கம் என்றான். குளத்து ஓரத்து வளைவில் வண்டி மெதுவாக, கோயில் தேர் சாய்வதுபோலச் சாய்ந்தது. சாமிக்கண்ணு சேற்றில் உட்கார்ந்தான். கயிறு அவிழ்ந்த சிலிண்டர் சரிவில் டங் டங்கென்று உருண்டு, குளத்தில் நீந்திக்கொண்டிருந்த வாத்துகளின் நடுவே விழுந்தது.

எழுநூறு வாத்துகளும் ஒரே நேரத்தில் கத்தினால் எப்படி இருக்கும் என்பதைக் கேட்டவர்களுக்குத்தான் தெரியும். சிலிண்டர் மூழ்கிவிட்டது என்று நினைத்து, செல்லாயிக்கு என்ன பதில் சொல்வது என்று லோகநாயகி தலையில் கை வைத்துக்கொண்டாள். ஆனால் அது மூழ்கவில்லை. செக்கச்செவேலென்று மேலே வந்து மிதந்தது. காற்று தள்ளத் தள்ள நடுக்குளத்துக்குப் போயிற்று. முதலில் பயந்து ஒதுங்கிய வாத்துகள் கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, புதிதாகச் சேர்ந்த கூட்டாளி என்று எண்ணியோ என்னவோ, அதைச் சுற்றிச் சுற்றி நீந்தின. சாமிக்கண்ணு நீந்திப் போய் அதைத் தள்ளிக்கொண்டு கரைக்கு வந்தான். லோகநாயகி வரப்பில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"சிரிக்கறியா? நீ வந்து தள்ளு!" என்று தண்ணீரிலிருந்து கத்தினான் அவன்.

அடுத்த வாரம் பள்ளிக்கூட மைதானத்தில் பெயர் கூப்பிட்டபோது அவள் எழுந்து மேஜைக்கு எதிரே போய் நின்றாள்.

"எனக்கு வேணாங்க சார்."

பட்டியலோடு உட்கார்ந்திருந்த அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "ஏம்மா, எம் பேரு ஏன் வரலன்னு காலையிலேர்ந்து சண்டைக்கு வர்றாங்க. வந்த பேர நீ வேணாங்கற?"

"எனக்கு அடுப்பு வேணும் சார். ஆனா அது எங்கூட வரணும். இன்னிக்கி இங்க இருக்கறோம். அடுத்த மாசம் குமராட்சி, அதுக்கப்புறம் புவனகிரிப் பக்கம். சிலிண்டர் தீந்து போச்சின்னா எந்த வரப்புக்குக் கொண்டாந்து குடுப்பாங்க?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்துவிட்டார். "அப்புறமா வந்து கேட்டா கெடைக்காதும்மா," என்று இரண்டு முறை சொன்னார். பிறகு வேண்டாம் என்று எழுதி வாங்கிக்கொண்டார். லோகநாயகி முழுப் பெயரையும் எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டாள்.

திரும்பி நடக்கும்போது மனசு கொஞ்சம் அடித்துக்கொள்ளத்தான் செய்தது. முன்னால் போன பெண்களின் தலையில் புது அடுப்புகள் வெயிலில் பளபளத்தன. வீட்டோடு இருந்தால் நாமும் ஒன்று சுமந்து போயிருக்கலாமே என்று தோன்றியது. செல்லாயி வேறு, "லட்சுமி வாசல்ல வந்து நிக்கறா, நீ கதவ சாத்துற," என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

அனுப்பிரியாவுக்குக் கோபம் தீரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு சிதம்பரம் கடைத்தெருவுக்கு வந்தாள், ஆனால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வந்தாள். மேலவீதியை ஒட்டிய சந்தில் சின்னையன் என்பவர் ஸ்டவ் விற்பனையும் ரிப்பேரும் செய்துவந்தார். லோகநாயகி கடையில் இருந்ததையெல்லாம் பார்த்தாள். பத்துத் திரி ஸ்டவ், தலையிலேயே பர்னர் வைத்த குட்டி கேஸ் சிலிண்டர், கடைசியில் பித்தளைப் பம்பு ஸ்டவ்.

"வயக்காட்டுல, காத்துல எரியணும். மொபெட்டுல போவணும்," என்றாள்.

"அப்ப இதான்," என்று சின்னையன் பித்தளை ஸ்டவ்வை எடுத்து வைத்தார். "குட்டி சிலிண்டரு சுளுவாத்தான் இருக்கும். தீந்தா டவுனுக்கு வரணும். உள்ள எவ்ளோ இருக்குதுன்னும் தெரியாது, பாதிச் சோத்துல கைய விரிச்சிடும். இதுக்கு எந்த ஊருலயும் ஒரு பாட்டில் கிருஷ்ணாயிலு கெடைக்கும். ஆட்டிப் பாத்தா எவ்ளோ இருக்குதுன்னு தெரிஞ்சிடும்."

பர்னருக்குக் கீழே இருந்த கிண்ணத்தில் கொஞ்சம் எண்ணெய் விட்டுக் கொளுத்தினார். பர்னர் சூடேறியதும் காற்றுத் திருகை மூடிப் பம்பு அடித்தார். புஸ்ஸென்று ஆரம்பித்து, ஓவென்ற இரைச்சலோடு நீலத் தீ நின்றது. டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்தார். தீ அசைந்தது, அணையவில்லை.

அனுப்பிரியா அப்போதுதான் வாய் திறந்தாள். "இது வெடிக்கும்."

"ஏம்மா, வியாபாரம் நடக்கற எடத்துல..."

"நான் வார்டுல பாத்திருக்கறேன் சார்." அம்மாவின் பக்கம் திரும்பினாள். "கேஸு வாங்குன்னு நான் பெருமைக்குச் சொல்லலம்மா. தீக்காயத்தோட வந்தவங்களுக்குக் கட்டு மாத்தறப்பல்லாம் ஒன் நெனப்புதான் வரும்."

இப்படி ஒரு பயம் மகளின் மனசில் இருக்கும் என்று லோகநாயகி நினைத்திருக்கவில்லை.

சின்னையனும் கிண்டலை விட்டுவிட்டார். "ஒக்காரும்மா. எதுனால அந்த மாதிரி ஆவுதுன்னு சொல்றேன், கேளு," என்று ஒவ்வொரு பாகமாகக் கழற்றிக் காட்டினார். எரியும்போது எண்ணெய் ஊற்றக்கூடாது. அளவுக்கு மேல் காற்று அடிக்கக்கூடாது. வாசர் தேய்ந்தால் உடனே மாற்ற வேண்டும். அனுப்பிரியா எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். எழுதி முடித்து, தன் பங்குக்கும் சேர்த்தாள்: அடுப்பிடம் நைலக்ஸ் புடவை கூடாது, நூல் புடவைதான். தார்ப்பாய்க்குள் வைக்கக்கூடாது, வெளியேதான். பக்கத்தில் எப்போதும் ஒரு நனைந்த சாக்கு.

"சரிங்க டாக்டரம்மா," என்றாள் லோகநாயகி.

"சிரிக்காதம்மா. சத்தியம் பண்ணு."

கடையிலேயே மகளின் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். காற்று மறைப்புக்குச் சின்னையன் ஓர் எண்ணெய் டின்னை மூன்று பக்கமாக வெட்டி மடித்துக் கொடுத்தார். எல்லாம் ஒரு துணிப்பைக்குள் அடங்கியது.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. வாத்துகள் அப்போது குமராட்சிக்குப் பக்கத்தில், ரோட்டை ஒட்டிய வாய்க்கால் கரையில் இருந்தன. நாலு நாள் விடாத மழை. ஒரு நாள் பிற்பகல் காட்டுமன்னார்கோயிலிலிருந்து சிதம்பரம் போகும் டவுன் பஸ், முன்னால் ரோட்டின் மேல் தண்ணீர் ஓடியதால் அங்கேயே நின்றுவிட்டது. பின்னாலும் தண்ணீர் ஏறியதால் திரும்பவும் வழியில்லை. வண்டிக்குள் முப்பது பேர். ஒரு மணி நேரம் பொறுத்தார்கள். பிறகு கைக்குழந்தை ஒன்று வீறிட ஆரம்பித்தது.

கண்டக்டர் கொளஞ்சியப்பன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு தார்ப்பாய்ப் பக்கம் ஓடி வந்தார். "யக்கா, ஸ்டவ் சத்தம் கேட்டுது. பச்சக் கொழந்தைக்குப் பவுடர் பாலு கலக்கணும், சுடுதண்ணி கெடைக்குமா?"

இரண்டு மூங்கிலில் சாக்கைக் கட்டி, அதன் கீழே டின் மறைப்புக்குள் ஸ்டவ் எரிந்துகொண்டிருந்தது. உலையில் அரிசி போட இருந்தவள் அந்தத் தண்ணீரையே தூக்கிக் கொடுத்தாள். குழந்தை அடங்கியது. அதன் அழுகை நின்றதும்தான் மற்றவர்களுக்குத் தங்கள் பசி தெரிந்தது போலும். ஒவ்வொருவராக பஸ்ஸை விட்டு இறங்கி வந்தார்கள். மளிகைச் சாமான் மூட்டையோடு போன ஒருவர் டீத்தூளும் வெல்லமும் எடுத்துக் கொடுத்தார். டிபன் பாக்ஸ் மூடி, தண்ணீர் பாட்டில் மூடி, கிடைத்ததிலெல்லாம் பாலில்லாத டீ ஊற்றிக் கொடுத்தாள். பிறகு சாமிக்கண்ணு முட்டைத் தட்டைத் தூக்கி வந்தான்.

இருபது இருபதாக முட்டைகள் வெந்தன. வாத்து முட்டை உடம்புக்குச் சூடு என்றார் ஒருவர். குளிர்ச்சி என்றார் இன்னொருவர். இரண்டு பேரும் மூன்றாவது முட்டையை உரித்துக்கொண்டே சண்டை போட்டார்கள். நடுவில் தீ இறங்கி மஞ்சளாகிப் புகைந்தது. "வெடிக்கப் போவுது!" என்று யாரோ கத்த, கூட்டம் பத்தடி பின்னால் போயிற்று. லோகநாயகி அசரவில்லை. காற்றைத் திறந்துவிட்டு அணைத்தாள், ஆறவிட்டாள், ஊசியால் பர்னர் துளையைக் குத்தினாள், மறுபடி கொளுத்தினாள். ஓவென்று நீலத் தீ வந்ததும் தள்ளி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

எண்ணெய் கடைசிக்கு வந்தபோது டிரைவர், "டீசல் வேணா கொஞ்சம் எறக்கித் தரட்டுமா?" என்றார்.

"வேணாங்கய்யா. அத ஊத்துனா பொகைதான் வரும். பஸ்ஸு குடிக்கறத பஸ்ஸே குடிக்கட்டும்."

தண்ணீர் வடிந்து வண்டி கிளம்பியபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. ஜன்னலுக்கு ஒரு கை வெளியே நீண்டு அசைந்தது. அந்த மழைக்காலம் முழுதும், வாத்துகள் எந்த ரோட்டு ஓரம் நின்றாலும் அந்த பஸ் ஹாரன் அடிக்காமல் போனதில்லை. வாத்துகள் மிரள்கின்றன என்று சாமிக்கண்ணு திட்டிக்கொண்டே கை காட்டுவான்.

அனுப்பிரியா படிப்பை முடித்துக் கடலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தாள். சிப்காட்டில் வேலை பார்க்கும் எழிலனைக் கட்டிக்கொண்டாள். 2012இல் பெண் குழந்தை பிறந்தது. பிள்ளை பெற்ற மகளைப் பார்த்துக்கொள்ள லோகநாயகி கடலூருக்குப் போய் நாற்பது நாள் இருந்தாள். அங்கே சமையல் கேஸில்தான். முதல் வாரமே கை பழகிவிட்டது.

"இப்ப சொல்லுங்க அத்த, கேஸா, பம்பு ஸ்டவ்வா?" என்று எழிலன் சீண்டினான்.

"பொய் சொல்லக் கூடாதுப்பா. நவுறாத வூட்டுக்கு இதான் சரி. நிமிஷத்துல கொதிக்குது. என்னா, சத்தமே இல்ல. எரியுதா அணைஞ்சி போச்சான்னு நாலு தரம் எட்டிப் பாக்க வேண்டியிருக்குது."

நாற்பத்தோராம் நாள் கிளம்பிவிட்டாள். இன்னும் பத்து நாள் இருக்கச் சொல்லி மகள் கெஞ்சினாள். வாத்துகளோடு ஒற்றை ஆளாகக் கணவன் என்ன பாடுபடுகிறானோ என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள். வெள்ளாற்றங்கரையில் இருப்பதாகச் சாமிக்கண்ணு போனில் சொல்லியிருந்தான். புவனகிரியில் இறங்கி, கரையோடு அரை மணி நேரம் நடந்தாள். தூரத்தில் முதலில் வாத்துகளின் சத்தம் கேட்டது. பிறகு அவன் தெரிந்தான், இளைத்து, தாடியோடு.

"என்னா மாமா, இப்பிடி ஆயிட்ட? சாப்ட்டியா இல்லியா?"

"அது கெடக்குது. கொழந்த யாரு மாதிரி இருக்குது, அத மொதல்ல சொல்லு."

"எல்லாம் ஒன்ன மாதிரிதான்," என்று பையைக் கீழே வைத்தாள் லோகநாயகி. "பசி எடுத்தா ஊரையே கூட்டுது."