பெருசு வேணாம்

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே என்று சிலர் கேட்டிருந்தீர்கள். ஒன்றுமில்லை. புது போன் வாங்கலாம் என்று கடைக்குப் போனேன்... மாமனாரைப் பகைத்துக்கொண்டு திரும்பினேன். அதைச் சரிக்கட்டவே ஒரு வாரம் ஓடிவிட்டது.

என்னிடம் இருந்தது சின்ன போன். ஆறு வருஷமாக உழைத்தது. உள்ளங்கையில் அடங்கும், சட்டைப் பையில் போட்டால் போட்டதே தெரியாது. ஒரே குறை, கொஞ்ச நாளாக அதில் எழுத்து சரியாகத் தெரியவில்லை. "போன் கெட்டுப்போச்சு" என்று வீட்டில் சொன்னேன். "போன் நல்லாத்தான் இருக்கு" என்றார் என் மனைவி மல்லிகா. மதுரை கே.கே. நகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். விடை சரியா, தப்பா என்று மட்டும்தான் சொல்வார். விளக்கமெல்லாம் கிடையாது.

எனக்கு வயது ஐம்பத்தாறு. போனுக்கு வயதாகவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

சரி, சனிக்கிழமை காலை விளாங்குடியிலிருந்து டவுனுக்குப் பஸ் ஏறி ஒரு போன் கடைக்குப் போனேன். ஜெசிந்தா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த பெண் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். "பெருசு பாக்குறீங்களா சார், சின்னது பாக்குறீங்களா?" என்றார். கவனித்தீர்களா? முன்பெல்லாம் போன் கடையில் கேமரா எப்படி, பேட்டரி எத்தனை மணி நேரம் என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். இப்போது செருப்புக் கடை மாதிரி அளவில்தான் ஆரம்பிக்கிறார்கள்.

இரண்டையும் கைக்கொன்றாகக் கொடுத்தார்.

பெரிய போனைப் பார்த்தேன். அடடா... ஒவ்வொரு எழுத்தும் கொழுகொழுவென்று இருக்கிறது. செய்தித்தாள் பக்கத்தை அப்படியே திறந்தால் கண்ணாடி இல்லாமல் படிக்க முடிகிறது. நைசாக இந்தப் பத்தியையே அதில் திறந்து பார்த்தேன். நான் எழுதியதா இது என்று எனக்கே மரியாதை வந்துவிட்டது. பேட்டரியும் ரெண்டு நாள் தாங்குமாம்.

ஆனால் கை? கட்டைவிரல் பாதித் திரையைத் தாண்டவில்லை. ஒரு கையால் பிடித்தால் இன்னொரு கை துணைக்கு வர வேண்டியிருக்கிறது. சட்டைப் பையில் போட்டுப் பார்த்தேன். முக்கால்வாசி வெளியே நின்றது. லேசாகக் குனிந்ததும் வழுக்கிக்கொண்டு விழ, ஜெசிந்தா அந்தரத்திலேயே பிடித்துவிட்டார். பழக்கம் போலிருக்கிறது. "எல்லாரும் குனிவாங்க சார்" என்றார், சிரிக்காமல்.

எங்கள் தெருவில் ஒருவர் பெரிய போனை மல்லாக்கப் படுத்துப் பார்க்கும்போது கைதவறி மூக்கின் மேல் போட்டுக்கொண்டார். நாலு நாள் பிளாஸ்திரியோடு அலைந்தார். கேட்டவர்களிடமெல்லாம் பைக்கிலிருந்து விழுந்ததாகச் சொன்னார். உண்மையைச் சொல்லத் தைரியம் வேண்டுமே.

சின்ன போன்காரர்கள் சும்மா இருக்கிறார்களா? 'அதே கேமரா, அதே வேகம், பாதி எடை' என்று அவர்களும் கூப்பிடுகிறார்கள். நடுவில் மடிக்கிற போன் என்று ஒன்று. அதையும் ஜெசிந்தா திறந்து மூடிக் காட்டினார். திறக்கும்போதெல்லாம் எனக்குத்தான் நெஞ்சு திக்கென்றது.

பெரியதில் கண்ணுக்குச் சுகம். சின்னதில் கைக்குச் சுகம். கண்ணும் கையும் சண்டை போட்டால் யார் பக்கம் சாய்வது? ஒரு மணி நேரம் யோசித்தேன். கை ஜெயித்தது. கடையில் நின்றபடியே மல்லிகாவுக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். இனிமேல் வரும் வம்பெல்லாம் அதிலிருந்துதான், அதனால் அதை வார்த்தைக்கு வார்த்தை தருகிறேன்:

"நல்லா யோசிச்சுப் பாத்துட்டேன். பெருசு வேணாம். நமக்குச் சரிப்பட்டு வராது. எங்க போனாலும் கையிலயே பிடிச்சுக்கிட்டு அலையணும். எங்கயாச்சும் விழுந்து கிழுந்து வச்சா அந்தச் செலவு வேற. யாரு வச்சுப் பாக்குறது? இப்ப இருக்குற மாதிரியே இருந்துக்கிருவோம்."

இரண்டு நிமிடத்தில் மல்லிகாவிடமிருந்து பதில். "சரிங்க, உங்க இஷ்டம்."

யோசித்துச் சொல்கிறேன் என்று ஜெசிந்தாவிடம் நம்பரை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இந்த இடத்தில் என் மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேரையூர் பக்கம் விவசாயம். எழுபத்தெட்டு வயது. ரெண்டு கண்ணிலும் புரை, வலது கண்ணில் முற்றிவிட்டது. மோட்டார் சுவிட்சைச் சுவரெல்லாம் தடவித்தான் போடுகிறார். ஆபரேஷன் பண்ணிக்கொள்ளுங்கள் என்று ரெண்டு வருஷமாகக் கெஞ்சுகிறோம். பயம் ஆபரேஷனுக்கு இல்லை. மதுரையில் பண்ணினால் எங்கள் வீட்டில் தங்க வேண்டும். மகள் வீட்டில் சாப்பிடுவார், பேசுவார், பொழுது சாய்வதற்குள் பஸ் ஏறிவிடுவார். கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் ஒரு ராத்திரி தங்கியதில்லை. மாப்பிள்ளைக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்பது அவருடைய சட்டம்.

இந்த முறை மல்லிகா அழுதே சாதித்துவிட்டார். புதன்கிழமை எங்கள் வீட்டுக்கு வருவதாக மாமனார் ஒத்துக்கொண்டார். வியாழக்கிழமை ஆபரேஷன். வாசலில் கைப்பிடிக் கம்பி எல்லாம் வைத்துத் தயாராக இருந்தோம்.

திங்கட்கிழமை காலையில் மல்லிகாவின் தம்பி பாண்டி போன் செய்தான். "அப்பா வரல. அவருக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுதாம்." அவ்வளவுதான். வைத்துவிட்டான்.

மல்லிகா திரும்பத் திரும்ப அடித்தார். எடுக்கவில்லை. டாக்டர் வேறு, இனியும் தள்ளிப்போட்டால் பார்வை திரும்புவது கஷ்டம் என்று சொல்லியிருந்தார். செவ்வாய்க்கிழமை ரெண்டு பேரும் லீவு போட்டுவிட்டு, திருமங்கலம் வழியாகப் பேரையூர் போய் இறங்கினோம்.

வாசலில் வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என் குரல் கேட்டதும் எழுந்து உள்ளே போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். வெறும் உடம்போடு மாப்பிள்ளை முன்னால் நிற்க மாட்டார். பட்டன் எல்லாம் ஒன்று தள்ளி ஒன்று மாட்டியிருந்தது.

"வாங்க மாப்ள" என்றார். எப்போதும் போல மரியாதையாக. ஆனால் முகம் என் பக்கம் இல்லை, வேப்பமரத்தின் பக்கம் இருந்தது. கண் தெரியாததாலா, இல்லை வேறு எதுவுமா? எனக்குப் புரியவில்லை.

"யப்பா, ஏம்ப்பா வரமாட்டேங்குற?" என்றார் மல்லிகா.

"தோட்டத்துல வேலை கெடக்குதுத்தா."

பாண்டி அதுவரை தூணில் சாய்ந்து நின்றவன், பொறுக்க முடியாமல் வெடித்தான். "பெருசு வேணாம்னு சொன்ன பெறகு, எதுக்கு மச்சான் பெருசக் கூட்டிட்டுப் போக வந்திருக்கீக?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பாண்டி தன் போனை எடுத்து, எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்தான். மாமனாருக்குப் படிக்க முடியாது என்பதால் அந்தக் குரூப்பில் எல்லோரும் வாய்ஸில்தான் பேச வேண்டும் என்பது ஏற்பாடு. ஒரு மெசேஜைத் தட்டினான்.

என் குரல். "நல்லா யோசிச்சுப் பாத்துட்டேன். பெருசு வேணாம்..."

என் பொடிப் போனில், மல்லிகாவின் பெயரும் குரூப்பின் பெயரும் அடுத்தடுத்து இருந்திருக்கின்றன. விரல் ஒரு வரி கீழே பட்டிருக்கிறது. கடையில் என் கை ஜெயித்தது என்றேனே, அந்தக் கை செய்த வேலை.

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. மதுரைப் பக்கம் வயதான ஆணுக்குப் 'பெருசு' என்று பெயர். ஷேர் ஆட்டோவில் 'பெருசு, தள்ளி உக்காரு' என்பார்கள். பாசத்திலும் சொல்வார்கள், எரிச்சலிலும் சொல்வார்கள். இதில் ஒரு விசேஷம், பெருசு என்று ஆரம்பித்துவிட்டால் மனிதரும் அஃறிணைதான். பெருசு வந்துச்சு, பெருசு தூங்குது, பெருசு விழுந்துச்சு. ஆகவே நான் போட்ட மெசேஜில் இலக்கணப்படிகூட எனக்குத் தப்பிக்க வழி இல்லை. 'கையிலயே பிடிச்சுக்கிட்டு அலையணும்', 'விழுந்து கிழுந்து வச்சா அந்தச் செலவு வேற', 'யாரு வச்சுப் பாக்குறது'... கண் தெரியாத ஒரு மனிதரைப் பற்றி வேறு எப்படிச் சொல்வார்கள்?

அடுத்து மல்லிகாவின் குரல் வந்தது. "சரிங்க, உங்க இஷ்டம்."

மல்லிகா வாயைப் பொத்திக்கொண்டார். அந்தச் சனிக்கிழமையும் ஸ்கூல் இருந்தது; இடைவேளையில், எனக்குத்தான் பதில் சொல்வதாக நினைத்து, குரூப்பிலேயே சொல்லியிருக்கிறார்.

"மாப்ள சொன்னதுகூட எனக்கு ஒண்ணும் இல்லத்தா" என்றார் மாமனார் மெதுவாக. "அவுக வீடு, அவுக சொல்லலாம். நீயும் சரின்னுட்டியேன்னுதான்..."

அதற்கு மேல் மல்லிகாவால் நிற்க முடியவில்லை. அப்பாவின் காலடியில் உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டார். எனக்கும் கண் கலங்கிவிட்டது, மறைப்பதற்கு என்ன இருக்கிறது?

"மாமா, அது போன்! பெரிய போன் வேணாம்னு சொன்னேன்" என்றேன்.

மாமனார் நம்பவில்லை. வருத்தமாகச் சிரித்தார். "போன்ல ஏது மாப்ள பெருசு, சின்னது? அதை எதுக்குக் கையில புடிச்சுக்கிட்டு அலையணும்? பையில போட வேண்டியதுதான? எனக்காக நீங்க பொய்யெல்லாம் சொல்லணுமா?"

நியாயமான கேள்வி. பையில் அடங்காத ஒரு பொருளை எதற்குக் கையோடு கொண்டு அலைய வேண்டும்? இதே கேள்வியைத்தானே கடையில் ஒரு மணி நேரம் எனக்கு நானே கேட்டுக்கொண்டிருந்தேன். இவருக்கு எப்படிப் புரியவைப்பது? காட்டுவதற்குக்கூடக் கையில் ஒரு பெரிய போன் இல்லை. பாண்டியிடம் இருப்பதும் சின்னதுதான். தவித்தபோது ஜெசிந்தாவின் நம்பர் ஞாபகம் வந்தது. அடித்து, ஸ்பீக்கரில் போட்டேன்.

"நான் சனிக்கிழமை வந்திருந்தேன்மா. பெருசு வேணாம்னு சொல்லிட்டுப் போனேனே..."

"சார்! நீங்களா?" என்றார் ஜெசிந்தா உற்சாகமாக. "உங்களை நெனச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். பெருசை அவசரப்பட்டு வேணாம்னுட்டீங்க சார். மொதல்ல பாரமாத்தான் தெரியும். ரெண்டு நாள் கூட வச்சிருந்து பாருங்க, அப்புறம் விடவே மனசு வராது. பெருசு ஒண்ணு வீட்டுல இருந்தா, அதோட அருமையே தனி சார்!"



பாண்டி 'புர்' என்று சிரித்தான். மல்லிகா அழுதுகொண்டே சிரித்தார். மாமனாரின் தோள் குலுங்குவதைப் பார்த்து அழுகிறாரோ என்று பயந்துபோனேன். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரித்தார்.

"அந்தப் பொண்ணு வெவரமாத்தான் பேசுது மாப்ள" என்றார். "இருங்க, வேட்டிய மாத்திட்டு வாரேன்."

"என்ன சார், பெருசையே எடுத்து வச்சிரவா?" என்று போனில் ஜெசிந்தா கேட்டுக்கொண்டிருந்தார். எடுத்து வைக்கச் சொல்லிவிட்டேன். இத்தனை பெரிய உதவி செய்தவருக்கு வேறு என்ன சொல்ல?

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் கட்டுப் பிரித்ததும் முதலில் மல்லிகாவைத்தான் பார்த்தார். "என்னத்தா, இம்புட்டு எளைச்சுட்ட?" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி வெகுநேரம் பார்த்தார். "மாப்ளைக்கு முடியெல்லாம் எங்க போச்சு?" என்று மகளிடம் கேட்டார். என்னிடம் கேட்பது மரியாதை இல்லையாம்.

சனிக்கிழமை புது போனைக் கொண்டுவந்து காட்டினேன். கறுப்புக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் சட்டைப் பையில் வைத்து, வெளியே நீட்டிக்கொண்டிருப்பதையும் பார்த்தார். "வேணாம் வேணாம்னு சொல்லி, ரெண்டு பெருசையும் ஒரே வாரத்துல வீட்டுக்குக் கொண்டாந்துட்டீகளே" என்றார்.

போன் எப்படி இருக்கிறது என்றுதானே கேட்கிறீர்கள்? கை வலிக்கிறது. டெய்லரிடம் ஆறு சட்டைகள் போயிருக்கின்றன, பையை ஆழமாக்க. ஆனால் யாருக்கு என்ன அனுப்புகிறேன் என்பது மட்டும் பளிச்சென்று தெரிகிறது. என் வயதுக்காரர்களுக்குச் சொல்கிறேன்: பெரிய திரை ஆடம்பரம் இல்லை, உறவினர்களுக்குப் பாதுகாப்பு.

ரெண்டு நாள் தங்குவதாக வந்தவர் ஆறு நாள் இருந்தார். நேற்று பஸ் ஏற்றிவிடப் போனேன். ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்தவர், பஸ் கிளம்பும் நேரத்தில் தலையை வெளியே நீட்டினார். இருபத்தேழு வருஷத்தில் அவர் என்னிடம் நேரடியாக எதையும் கேட்டதில்லை. எதுவானாலும் மல்லிகா மூலம்தான் வரும்.

"மாப்ள... இடது கண்ணுக்கு எப்ப வரட்டும்?"

அந்தக் கண்ணுக்கு இப்போது அவசரமில்லை, ஒரு வருஷம் போகட்டும் என்றுதான் டாக்டர் சொல்லியிருக்கிறார். அவர் சொல்லும்போது மாமனார் பக்கத்திலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"கண்ணு கெடக்குது மாமா" என்றேன். "நீங்க சும்மாவே வாங்க."