பாதியில் நின்ற சண்டை

நான் செத்துப் பிழைத்ததைப் பற்றி என்னைத் தவிர எல்லோருக்கும் நன்றாகத் தெரியும். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில், ஒரு சனிக்கிழமை காலை, மீன் கடை வரிசையில் வைத்து என் இதயம் நின்றுபோனது. மாரடைப்பு என்று யாராவது சொன்னால் டாக்டருக்குக் கோபம் வருகிறது. அடைப்பு ஒன்றும் இல்லையாம். இதயத்துக்குள் ஓடும் மின்சாரம் திடீரென்று தாறுமாறாகித் துடிப்பு ஒரேயடியாகப் போய்விட்டதாம். தில்லியில் இத்தனை கோடைகாலங்களைப் பார்த்தவனுக்கு மின்சாரம் போவது புதிதில்லை. ஆனால் போனால் பக்கத்து வீட்டிலும் போயிருக்கிறதா என்று எட்டிப் பார்ப்போம். இது எனக்கு மட்டும் போயிருக்கிறது.

எனக்கு அந்த வாரமே ஞாபகத்தில் இல்லை. பிறர் சொன்னதை வைத்துத்தான் சொல்கிறேன். என் மனைவி அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். கூடவே நின்றிருந்தவள் என்னை அந்த ஈரத்தரையில் மல்லாத்திப் போட்டு நெஞ்சை அமுக்க ஆரம்பித்தாள். பிறகு மீன் இறக்க வந்த வண்டியில், ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில் என்னைக் கிடத்தி, அங்கேயும் அமுக்கிக்கொண்டே பக்கத்திலிருந்த பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஷாக் கொடுத்ததில் இதயம் மறுபடி ஓடியது. மூன்று விலா எலும்புகள் உடைந்திருந்தன. அவள் அமுக்கியிருக்காவிட்டால் பிழைத்திருந்தாலும் மூளை மிஞ்சியிருக்காது என்று டாக்டர் சொன்னார். இப்போது இடது தோளுக்குக் கீழே, தோலுக்கடியில் ஒரு சின்னப் பெட்டி வைத்திருக்கிறார்கள். இதயம் மறுபடியும் கோளாறு பண்ணினால் அதுவே உள்ளிருந்து ஷாக் கொடுக்குமாம்.

வீட்டுக்கு வந்த நாளில் எங்கள் கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸ் கதவில் ஒரு மலர்வளையம் தொங்கியது. வெள்ளைப் பிளாஸ்டிக் பூ, ஊதா ரிப்பன். நடந்தது இதுதான். நான் விழுந்த செய்தி எங்கள் தமிழ்க் கிறிஸ்தவச் சபையின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய், ஒருவர் ஜெபம் கேட்க, இன்னொருவர் ஆறுதல் சொல்ல, மத்தியானத்துக்குள் நான் இறந்துவிட்டேன். மாதர் சங்கம் வளையத்தைக் கையோடு கொண்டுவந்துவிட்டது. நாங்கள் எல்லோரும் ஆஸ்பத்திரியில் இருந்ததால் எதிர் வீட்டுப் பஞ்சாபி அம்மாள் வாங்கி வைத்துக்கொண்டார். நான் டிஸ்சார்ஜ் ஆகிறேன் என்று கேள்விப்பட்டதும், வரவேற்புக்குத்தான் வந்திருக்கிறது என்று நினைத்துக் கதவில் மாட்டிவிட்டார். ரிப்பனில் தமிழில் எழுதியிருந்தது. என் மகள் தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். காலேஜ் படிக்கிற பெண், எழுத்துக்கூட்டிக் கூட்டி ‘கண்ணீர் அஞ்சலி’ என்று படித்து முடித்துவிட்டு, “அஞ்சலின்னா என்ன டாடி, வெல்கமா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எதிர் வீட்டம்மாள் சந்தோஷமாகச் சிரித்துக்கொண்டு நின்றார், அவரை என்ன சொல்ல?

பழைய நாளாக இருந்தால் இதற்கு என் மனைவி வானத்துக்கும் பூமிக்கும் குதித்திருப்பாள். வளையத்தைக் கழற்றி எறிந்திருப்பாள், மாதர் சங்கத் தலைவிக்குப் போன் போட்டு வாங்கு வாங்கென்று வாங்கியிருப்பாள், கடைசியில் எல்லாம் என்னால் வந்தது என்று முடித்திருப்பாள். அன்றைக்கு ஒன்றுமே சொல்லாமல் உள்ளே போய்க் கஞ்சி வைத்தாள்.

அங்கேதான் எனக்கு முதலில் உறைத்தது. நான் திரும்பி வந்துவிட்டேன், அவள் வரவில்லை. கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் நாங்கள் சண்டை போடாத நாள் கிடையாது. இருவரும் திருநெல்வேலிப் பக்கம். எங்கள் வீட்டில் ஏச்சு என்பது காபி மாதிரி, காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. இப்போது அவள் ‘சரிங்க’ என்றாள். எதற்கும் சரிங்க. ஆஸ்பத்திரியில் பெட் நம்பர் ஒன்பதிடம் பேசுவாளே, அந்தக் குரல். பத்தியச் சோற்றையும் மாத்திரையையும் நான் பொறுத்துக்கொண்டேன். அந்தக் குரலைப் பொறுக்க முடியவில்லை. எனக்கு என் பெண்டாட்டி வேண்டும்.

சும்மா இருக்கவில்லை, முயற்சி செய்து பார்த்தேன். ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டேன். எடுத்துக் காயப்போட்டாள். உப்பே போடாத குழம்பைச் சாப்பிட்டுவிட்டு உப்புக் கரிக்கிறது என்றேன். “சரிங்க, நாளைக்குப் பாத்துப் போடுதேன்” என்றாள். மனதைக் கல்லாக்கிக்கொண்டு, மீன் குழம்பு என்றால் என் அக்கா வைப்பதுதான் குழம்பு என்று சொன்னேன். இந்த ஒரு வாக்கியத்துக்காக முன்பு ஒரு கிறிஸ்துமஸே பாழாகியிருக்கிறது. அவள் தட்டை எடுத்துக்கொண்டு, “ஆமா, அவங்க நல்லா வைப்பாங்க” என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்த தடவை டாக்டரிடம் போனபோது, மனைவி சண்டை போடுவதில்லை, ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டேன். அவர் ரொம்ப நல்லது, அப்படியே தொடரட்டும் என்றார். ஒரு மாத்திரையைக் குறைத்தது மாதிரி ஒரு திருப்தி அவர் முகத்தில்.

மகளைத் தனியாகப் பிடித்து விசாரித்ததில் ஒரு விஷயம் கிடைத்தது. நான் விழுந்த நேரத்தில் மம்மி என்னை ஏசிக்கொண்டிருந்தாளாம். ஆஸ்பத்திரியிலிருந்து போன் பண்ணியபோது, “டாடியைத் திட்டிக்கிட்டே இருந்தேன், அப்படியே விழுந்துட்டாங்க” என்று சொல்லி அழுதாளாம். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தன் ஏச்சால்தான் என் இதயம் நின்றது என்று நினைக்கிறாள், அதனால்தான் இந்தச் சரிங்க. பாவம், நர்ஸாக இருந்தும் இவ்வளவு முட்டாளா என்று உருகிப்போனேன். இதை எப்படியாவது சரிசெய்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அதற்கு ஏற்றாற்போல எங்கள் ஐயர் வந்தார். சபைப் போதகரை எங்கள் பக்கத்தில் ஐயர் என்றுதான் சொல்லுவோம். எனக்காக ஊரெல்லாம் முறைவைத்துச் சங்கிலி ஜெபம் நடந்திருக்கிறது, அதனால் நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் குடும்பத்தோடு முன்னால் நின்று சாட்சி சொல்ல வேண்டும் என்றார். நோயில் பிழைத்தவர்கள், வேலை கிடைத்தவர்கள், விசா வந்தவர்கள் எல்லோரும் கடவுள் தங்களுக்குச் செய்ததை இப்படி எழுந்து சொல்வது எங்களில் வழக்கம். ஆனால் செத்தே பிழைத்தவன் எங்கள் சபைக்கு முதல் தடவை. ‘அந்தப் பக்கம்’ என்ன பார்த்தீர்கள் என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

ஒன்றும் பார்க்கவில்லை என்றேன்.

அவர் நம்பவில்லை. அந்த வாரம் முழுக்க ஆள்மாற்றி ஆள் வந்து ஞாபகப்படுத்தப் பார்த்தார்கள். பாடகர் குழுவில் ஒருவர் சுரங்கம் மாதிரி ஏதாவது தெரிந்ததா என்றார். மெட்ரோவில் தினம் பார்க்கிறேன், அதைச் சொல்லவா என்று கேட்டேன். மாதர் சங்கத் தலைவி, வளையம் கொண்டுவந்தவர், இறங்கி வந்து, ஒரு வெளிச்சமாவது இருந்திருக்குமே என்றார். கரண்ட் போனவனிடம் வெளிச்சத்தைக் கேட்டால் எப்படி? எனக்காக முழங்கால் தேய ஜெபித்தவர்கள். ஒரு சின்ன வெளிச்சம்கூட இல்லாமல் திரும்பி வந்துவிட்டேனே என்று எனக்கே கூச்சமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நல்ல கூட்டம். விடுமுறைக்கு ஊருக்குப் போகவேண்டியவர்கள்கூட இருந்து கேட்டுவிட்டுப் போகலாம் என்று நின்றுவிட்டார்கள். நான், மனைவி, மகள் மூவரும் முன்னால் நின்றோம். மைக்கைப் பிடித்து, ஜெபித்த எல்லோருக்கும் நன்றி சொன்னேன். பிறகு, நான் எதையும் பார்க்கவில்லை, எதையும் கேட்கவில்லை, தூங்கியதுபோல்கூட இல்லை என்று உள்ளதைச் சொன்னேன். சபையில் ஒரு பெருமூச்சு எழுந்து அடங்கியது. நான் விடாமல், என் மனைவி ஏசியதால் என் இதயம் நிற்கவில்லை, அது மின்கோளாறு, டாக்டரே சொல்லியிருக்கிறார், ஆகையால் அவள் பழையபடி என்னை ஏசவேண்டும் என்று சபையார் முன்னிலையில் கேட்டுக்கொள்கிறேன் என்று முடித்தேன். கடைசி வரிசையில் ஒரு பெரியவர் சத்தமாக ஆமென் சொன்னார். அவர் மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தார்.

ஐயர் அவசரமாக மைக்கை வாங்கினார். சகோதரர் ஒன்றும் பார்க்கவில்லை, ஏனென்றால் கர்த்தர் அவர் கண்களை மூடியிருந்தார் என்றார். எல்லோருக்கும் நிம்மதியாகிவிட்டது. ஸ்தோத்திரப் பாட்டுப் பாடினோம். என் மனைவி மட்டும் பாடாமல் தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மகள் சிநேகிதிகளோடு தங்கிவிட, நாங்கள் இருவரும் ஆட்டோ பிடித்தோம். என் சாட்சி வேலைசெய்துவிட்டது, இப்போது ஏசப்போகிறாள் என்று ஆசையாகக் காத்திருந்தேன்.

“ஏசுனதுக்காவ இல்ல,” என்றாள்.

“பின்ன எதுக்கு?”

“நான் கைய எடுத்துட்டேன்.”

எனக்குப் புரியவில்லை. அவள் முன்னால் பார்த்தபடியே சொன்னாள். மீன் கடைமுன்னால் அமுக்கிக்கொண்டே இருந்தாளாம். கை ஓய்ந்து என் முகத்தைப் பார்த்திருக்கிறாள். இத்தனை வருஷ வார்டு வேலையில் அந்த முகத்தை எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறாள். அப்போதெல்லாம் போதும் சிஸ்டர் என்று சொல்ல ஒரு டாக்டர் இருப்பார். அங்கே யாரும் இல்லாததால் தானே சொல்லிக்கொண்டாளாம். கையை எடுத்துவிட்டு ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டாளாம்.

“செத்துட்டியன்னு முடிவு பண்ணிட்டேன். கண்ண மூடக் கைய நீட்டுனேன்.”

எவ்வளவு நேரம் என்று கேட்க வாய்வரை வந்தது, கேட்கவில்லை. ஊரெல்லாம் ஜெபித்துக்கொண்டிருந்ததாகச் சொல்கிற நேரத்துக்கு முன்னால், என்னை உயிரோடு வைத்திருந்த ஒரே ஆளும் என்னை விட்டுவிட்ட ஒரு நேரம் இருந்திருக்கிறது. பயந்துபோனேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

“பெறவு?”

“உங்க மணிக்கட்டுல அந்த மீன் பை மாட்டிக் கெடந்திச்சி. அதப் பாத்ததும் கோவம் வந்துட்டு. நான் கேட்டதுக்குப் பதில் சொல்லாம போறியளேன்னு கோவம். அந்த ஆத்திரத்துலதான் திரும்ப அமுக்குனேன். எலும்பு அப்பதான் ஒடஞ்சிது. ஜெபம் பண்ணல. ஏசிக்கிட்டேதான் அமுக்குனேன். எல்லாரும் ஜெபம்னு சொல்லுதாவ. நான் என்னன்னு வாயத் தெறக்க?” என்றாள்.

அழுதாள். எனக்காக யார் யாரோ என்னென்னவோ வேண்டியிருக்கிறார்கள். ஒரு சண்டையை முடிப்பதற்காக நான் வேண்டும் என்று நினைத்தவள் இவள் ஒருத்திதான். கல்யாணமான புதிதில்கூட எனக்கு அவளை இவ்வளவு பிடித்ததில்லை. அதைச் சொல்லத் தெரியவில்லை.

“அப்பிடி என்னத்தக் கேட்ட?” என்றேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பாறை மீனைச் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்கினேனாம். உலகத்தில் எவனாவது செவுளைப் பார்க்காமல் மீன் வாங்குவானா என்று கேட்டாளாம். சொல்லச் சொல்லக் குரல் ஏறியது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். “பையா, சாம்னே தேக்கோ,” என்று, முன்னால் பார்த்து ஓட்டச் சொல்லி அவரையும் ஒரு அதட்டு அதட்டினாள்.

“மீன் நல்லாத்தான இருந்திருக்கும்,” என்றேன்.

“நல்லாவா? நாறிப்போயி கெடந்திச்சி.”

“அப்பம் நீயே வாங்கியிருக்க வேண்டியதுதான?”

அவள் வாயைத் திறப்பதற்குள் ஆட்டோ கிட்வாய் நகர் கேட்டில் நின்றுவிட்டது. காவலாளி எழுந்து வணக்கம் வைத்தார். அவருக்குத் தலையாட்டி, இறங்கி, சேலையைச் சரிசெய்துகொண்டு, பல்லைக் கடித்தபடி என்னிடம் சொன்னாள்:

“வீட்டுக்கு வாங்க, வச்சிக்கிடுதேன்.”

மெதுவாகத்தான் நடக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நான் வேகமாக நடந்தேன்.